கலாவுக்கு, அந்த நாற்பது ஏக்கர் பற்றி

அன்புள்ள கலா,

பதில் போடாமல் இழுத்தடித்ததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். ஜெயந்தி மாதிரி நோட்டில் மட்டும் எழுதி வைக்காதே. இங்கே எல்லாரும் நலம், அம்மாவின் முழங்கால் உட்பட.

நிலம் வாங்கும் குழுவில் உன்னைச் சேர்த்துக்கொண்டார்கள் என்றதும் சிரிப்பு வந்தது. விடுதியில் முட்டைக்கே பேரம் பேசியவளுக்கு ஏற்ற இடம்தான். கடைசிப் பத்தியைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது. வாஷிங்டன் மாநிலத்து ஸ்னோஹோமிஷ் ஆற்று முகத்துவாரத்தில் 40 ஏக்கர் பழைய பால்பண்ணை, விற்பவர் தயார், மானியமும் வந்துவிடும், அடுத்த கோடையில் தண்ணீரைத் தடுத்து நிற்கும் மண்கரையை உடைத்தால் சினூக் சால்மன் மீன்குஞ்சுகள் உள்ளே வந்துவிடும் என்று எழுதியிருக்கிறாயே, யாரடி உனக்கு இப்படிச் சொன்னது?

முதலில், அந்தக் கரை யாருடையது என்று பார்த்தாயா? நிலம் பண்ணைக்காரர் பெயரில் இருக்கலாம். அதன்மேல் ஓடும் கரையைப் பராமரிக்கிற உரிமை அந்த வட்டாரத்துக் கரை வாரியத்துக்கு ஈஸ்மெண்டாக, அதாவது அடுத்தவர் நிலத்தில் செல்லும் அனுபவ உரிமையாக, எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கும். அவர்கள் சம்மதிக்காமல் ஒரு கூடை மண் எடுக்க முடியாது. அவர்கள் ஏன் சம்மதிக்க வேண்டும்? உடைப்பு வழியாக வரும் தண்ணீர் வேலியைப் பார்த்து நிற்குமா? எல்லையோரமாக உள்ளே தள்ளி ஒரு புதுக் கரை கட்டி, அது இறுகி நின்ற பிறகுதான் பழையதைத் தொடலாம். அந்தப் புதுக் கரைக்கு நிலத்தின் விலையைவிட அதிகம் போகலாம். 40 ஏக்கருக்கு மட்டும் கட்டுவதும் நஷ்டக் கணக்கு. பரப்பு நாலு மடங்கானாலும் சுற்றளவு இரண்டு மடங்குதானே ஆகும். இன்னொன்று, பக்கத்து வயல்களின் வடிகால் உன் நிலத்து டைட்கேட் (கடலேற்றத்தைத் தடுத்து வடிநீரை வெளியே விடும் மதகு) வழியாகத்தான் வெளியேறுகிறதா என்று பார். அப்படியானால் அவர்களுக்கு வேறு வடிகால் வெட்டிக் கொடுப்பதும் உங்கள் செலவு.

பக்கத்திலேயே மேரிஸ்வில்லில், இதேபோல் கரையை உடைத்து மீட்ட க்வுலூல்ட் சதுப்பு இருக்கிறது, ஒரு நாள் போய்ப் பார். துலாலிப் பழங்குடியினர் முன்நின்று செய்த வேலை. 1990களில் நிலம் சேர்க்கத் தொடங்கியவர்கள், 2015 ஆகஸ்டில்தான் கரையை உடைத்தார்கள். 354 ஏக்கருக்கு ஆற்று நீர் திரும்பியது. நடுவில் ஒரே ஒரு துண்டு வேறொருவர் கையில் இருந்தாலும் மொத்தமும் காத்துக்கிடக்கும். அதனால்தான் சொல்கிறேன், விற்பவரோடு காபி குடித்தது போதும், அவருக்கு இரண்டு பக்கமும் இருக்கிறவர்களிடம் போ.

உடைத்தவுடன் சதுப்பு வந்துவிடும் என்றும் நம்பாதே. நூறு வருஷமாக வடித்து உழுத மண் அது. வண்டல் வரத்து நின்றுபோய், மண்ணிலிருந்த மக்கு காற்றுப்பட்டுக் கரைந்து, தரை கரைக்கு வெளியே உள்ள சதுப்பைவிடத் தாழ்ந்திருக்கும். திறந்துவிட்டால் முதல் சில வருஷம் சேற்றுக் குட்டைதான். குஞ்சுகளுக்கு வேண்டியது வளைந்து வளைந்து போகும் சின்ன ஓடைகள். கடலுப்புக்கு உடம்பு பழகுவதும், பூச்சி தின்று பெருப்பதும் அங்கேதான். பழைய ஓடைத்தடத்தை மறுபடி தோண்டிவிட வேண்டும். கரைக்கு மண்ணெடுத்த பள்ளம் அதன் காலடியிலேயே நீளமாக ஓடும், அதை மூடவில்லையென்றால் தண்ணீரெல்லாம் அந்த நேர்க்கோட்டில் போய்விடும், ஓடைகள் தூர்ந்துவிடும். சதுப்பை அடைத்துக்கொள்ளும் ரீட் கேனரி என்ற களைப்புல்லை உப்புநீர் கொன்றுவிடும் என்பார்கள். உன் இடம் வரை உப்பு ஏறுகிறதா என்று அளந்து பார்த்துவிட்டு நம்பு.

பத்திர வேலை உனக்குக் கைவந்த கலை, சுருக்கமாகச் சொல்கிறேன். மானியப் பணத்தில் மதிப்பீட்டு விலைக்கு மேல் ஒரு டாலர் தர முடியாது. அந்த மதிப்பீட்டை இன்னொருவர் சரிபார்ப்பார். எனவே வாய்மொழியாக எந்தத் தொகையும் சொல்லிவிடாதே, முதலில் ஆப்ஷன் ஒப்பந்தம் (குறித்த காலத்துக்குள் வாங்கிக்கொள்ளும் உரிமை) போட்டு அவகாசம் வாங்கு. சுற்றுச்சூழல் ஆய்வை அவசரப்பட்டு முன்கூட்டியே செய்யாதே. கிரயத்துக்கு முந்தைய 180 நாளைத் தாண்டினால் அதைப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் பழைய டீசல் தொட்டியும் குப்பைக்குழியும் அப்புறம் உங்கள் தலையில். அந்தப் பண்ணைவீட்டில் வாடகைக்கு யாராவது இருக்கிறார்களா? விற்பவர் மனமுவந்து விற்றாலும், கூட்டரசுப் பணம் கலந்திருந்தால் குடியிருப்பவரை மாற்றுவதற்கு 1970 சட்டப்படி உதவித்தொகை தரவேண்டும். பாசன உரிமை இருந்தால் சும்மா விட்டுவிடாதே. தொடர்ந்து 5 வருஷம் பயன்படுத்தாவிட்டால் வாஷிங்டனில் அது பறிபோகலாம். மாநிலத்தின் நீருரிமை டிரஸ்ட் திட்டத்தில் சேர்த்தால் ஆற்றிலேயே ஓடவிட்டுக் காப்பாற்றலாம். ஏக்கர் கணக்கையும் சர்வேயரை வைத்துப் பார், ஆறு மெல்ல அரித்துத் தின்றது போனதுதான்.

உங்கள் இயக்குநர் கோஹோ என்ற இன்னொரு சால்மன் பற்றியும் கனவு காண்கிறாராமே. மேலே நெடுஞ்சாலை வடிகால் அந்த ஓடையில் விழுகிறதா என்று கேள். டயரிலிருந்து கழுவி வரும் 6பிபிடி-குயினோன் என்ற ரசாயனம்தான் கோஹோவை முட்டையிடுமுன்னே கொல்கிறது என்று 2020 டிசம்பரில் வெளிவந்தது. சாலையோரம் மக்கு கலந்த மண் வழியாக வடித்துவிட்டால் அது பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நிலம் வாங்கி மட்டும் அதைத் தீர்க்க முடியாது.

கலிஃபோர்னியாவில் கிளாமத் ஆற்றுப் பக்கம் நடந்ததைப் படித்தாயா? ப்ளூ கிரீக் ஓடையையும் கிளாமத்தையும் ஒட்டி ஏறத்தாழ 47,000 ஏக்கர், மரக் கம்பெனியிடமிருந்து கட்டம் கட்டமாக வாங்கி, 2025இல் யூரோக் பழங்குடி மக்களிடம் முழுதாகப் போய்ச் சேர்ந்தது. கோடையில் கொதிக்கிற ஆற்றில் ஏறி வரும் மீன் உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளும் முதல் பெரிய இடம் அந்த ஓடை. ஓடையை எந்திரம் வைத்துத் தோண்டலாம், குளிர்ந்த தண்ணீரைத் தோண்ட முடியாது. அது பிறக்கும் மலையைத்தான் வாங்க வேண்டும். அதைப் படித்த நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை போ.

ஒன்று மட்டும் விளையாட்டில்லாமல் சொல்கிறேன். 1855 ஒப்பந்தத்தில் அமெரிக்க அரசுக்கு இந்த நிலத்தைக் கொடுத்த பழங்குடியினர் மீன்பிடிக்கும் உரிமையை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்கள். 1974இல் நீதிபதி போல்ட் கொடுத்த தீர்ப்பு அதை, பிடிக்கக்கூடிய மீனில் பாதிக்குப் பாதி என்று உறுதி செய்தது. பாதி எதில், மீன் இல்லாத ஆற்றிலா? அதே சமயம் பக்கத்துப் பால்பண்ணைக்காரரும் கரை கட்டியவர் இல்லை, கட்டியவரின் பேரன். அவர் கோபத்தைக் கூட்டத்தில் பவர்பாயிண்ட் போட்டு அடக்கப் பார்க்காதே. அவர் வயல் எந்த மாதம் நனைகிறது, வடிய எத்தனை நாளாகிறது என்று கேட்டு எழுதிக்கொள். உன் நீரோட்ட மாடலுக்கு அதைவிட நல்ல தரவு கிடைக்காது.

டைட்டில் ரிப்போர்ட் (நிலத்தின் உரிமை அறிக்கை) வந்ததும், அடுத்தவர் உரிமைகளைப் பட்டியலிடும் விதிவிலக்குகள் இருக்கிற பக்கங்களை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு. கரை ஈஸ்மெண்ட் எந்த வருஷத்துப் பத்திரம், ரத்து செய்ய வழி எழுதியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுத்துத் தொலைக்காதே.

அன்புடன்,
மீனா