ஜின்ஃபண்டெலுக்கு இரண்டு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் கலிஃபோர்னியா ஒயின்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நாபா பள்ளத்தாக்கின் கேபர்நே என்ற சிவப்பு ஒயினுக்கு முக்கால் பக்கம், ஷார்டொனே என்ற வெள்ளை ஒயினுக்கு ஒரு நீளமான பத்தி. ஜின்ஃபண்டெல் என்ற திராட்சையின் ஒயினுக்கு மட்டும் இரண்டே வரி: இளஞ்சிவப்பாக, இனிப்பாக இருக்கும், விலை மலிவு. அந்த இரண்டு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். குடிப்பழக்கம் இல்லாதவர்கள் தாராளமாக அடுத்த கடிதத்துக்குப் போய்விடலாம். யாரையும் குடிக்கச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் எனக்குச் சொந்த ஊர் கம்பம் பக்கம் சுருளிப்பட்டி. பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு அடியில் வளர்ந்தவன். திராட்சையைக் குறைத்து எழுதினால் சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் அந்த இளஞ்சிவப்பு விவகாரம். ஜின்ஃபண்டெல் கறுப்புத் திராட்சை. தோலோடு சேர்த்து நொதிக்க விட்டால் அடர்சிவப்பு ஒயின் கிடைக்கும். தோலைச் சீக்கிரமே பிரித்துவிட்டால் சாறு வெளிறிப்போகும். நாபாவில் சட்டர் ஹோம் ஆலையை நடத்திய பாப் டிரிங்கெரோ, 1972இல் தன் சிவப்பு ஒயினுக்கு அடர்த்தி கூட்டுவதற்காகச் சாற்றில் ஒரு பங்கை வடித்தெடுத்தார். வடித்ததைக் கொட்டிவிட மனமில்லாமல் அதையும் ஒயினாக்கி விற்றார். 1975இல் நொதித்தல் பாதியில் நின்றுபோய்ச் சர்க்கரை மிச்சமிருந்தது. அந்த இனிப்பு ஜனங்களுக்குப் பிடித்துப்போனது. எண்பதுகளில் அமெரிக்கா முழுக்க விற்றுத் தள்ளினார்கள். ஒயின் ரசிகர்கள் இதைக் கேலி செய்வார்கள். நான் செய்ய மாட்டேன். அன்றைக்கு அந்த விற்பனை இல்லாமல் போயிருந்தால் நூறு வயதுக் கொடிகள் பலவற்றைப் பிடுங்கிவிட்டு வேறு ஏதாவது நட்டிருப்பார்கள். அதற்காக அதுதான் ஜின்ஃபண்டெல் என்று சொன்னால் எப்படி?

எங்கள் நண்பர் வட்டத்தில் சில குடும்பங்கள் டிசம்பர் மாதம் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். ஆளுக்கொரு ஜின்ஃபண்டெல், அந்த ஆண்டில் தாங்கள் குடித்ததில் பிடித்தது எதுவோ அது. புட்டியைப் பழுப்புக் காகிதப் பையில் மறைத்து மேலே எண் எழுதிவிடுவோம். விலை தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும் என்பதால் இந்த ஏற்பாடு. சாப்பாட்டுக்கு மதுரைக்காரர் வீட்டு மட்டன் சுக்கா, யாழ்ப்பாணத்து அக்காவின் நண்டுக் குழம்பு. கடைசியில் ஓட்டு.

கடந்த டிசம்பரில் முதலில் வந்தது ரிட்ஜ் ஆலையின் கெய்சர்வில், 2022ஆம் ஆண்டு அறுவடை. சொனோமா கவுண்டியில், அலெக்சாண்டர் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரத்துத் தோட்டம். 1966 முதல் அங்கிருந்து ரிட்ஜ் ஒயின் செய்கிறது. தோட்டத்தின் பழைய பகுதியிலிருக்கும் கொடிகளுக்கு 130 வயதுக்கு மேல். இந்தப் புட்டியின் முகப்பில் ஜின்ஃபண்டெல் என்று பெரிதாகத் தேடினால் கிடைக்காது. அமெரிக்கச் சட்டப்படி ஒரு திராட்சையின் பெயரில் விற்க வேண்டுமானால் அது 75 சதவீதமாவது இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் நட்டவர்கள் ஒரே வயலில் ஜின்ஃபண்டெலோடு காரின்யான், பெட்டிட் சிரா, அலிகாண்டே பூஷே என்ற வேறு திராட்சைகளையும் கலந்து நட்டுவிட்டார்கள். ஒன்று நிறத்துக்கு, ஒன்று புளிப்புக்கு. அதனால் ஊர்ப்பெயரிலேயே விற்கிறார்கள். எந்தத் திராட்சை எத்தனை சதவீதம், வேறு என்ன சேர்த்தோம் என்பதைப் புட்டியிலேயே அச்சடித்திருக்கிறார்கள். எல்லா ஆலைகளும் இப்படிச் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இரண்டாவது இடத்துக்கு அடிதடி. என் ஓட்டு டிரை க்ரீக் பள்ளத்தாக்கின் நல்லே ஆலைக்கு: ஆல்கஹாலை ஏற்றாமல் 14 சதவீதத்தை ஒட்டியே நிறுத்துகிறவர்கள். என் மனைவி பெட்ராக் ஆலையின் 'ஓல்ட் வைன்' (பழைய கொடி) என்றாள். அதைச் செய்யும் மார்கன் ட்வைன்-பீட்டர்சன், ரேவன்ஸ்வுட் ஆலையைத் தொடங்கிய ஜோயல் பீட்டர்சனின் மகன். பல பழைய தோட்டத்துப் பழங்களைச் சேர்த்துச் செய்வதால் விலை கையைக் கடிக்காது. டர்லி ஆலையின் 'ஜூவனைல்' (இளையது) புட்டிக்கும் ஆதரவு இருந்தது. பழைய தோட்டங்களில் செத்துப்போன கொடிகளுக்குப் பதிலாக நட்ட இளங்கொடிகளின் பழத்தை மட்டும் தனியாக எடுத்துச் செய்வது அது. பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்ட மாதிரி. சரி, ருசியாகத்தான் இருந்தது.

கடைசியாக வந்தது பெயர் பெற்ற ஓர் ஆலையின் விலையுயர்ந்த புட்டி. ஆல்கஹால் 15.8 சதவீதம் என்று போட்டிருந்தது. 14 சதவீதத்துக்கு மேற்பட்ட ஒயினில் ஒரு சதவீதம் வரை கூடக்குறைய இருக்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே உண்மையில் எவ்வளவோ, ஆலைக்கே வெளிச்சம். முதல் வாய்க்கு நாவல்பழமும் பேரீச்சையும் சேர்ந்த அற்புதம். சுக்காவைக் கடித்துவிட்டு அடுத்த வாய் குடித்ததும் யாழ்ப்பாணத்து அக்கா, “இது என்ன தம்பி, சாராயம் மாதிரி எரியுது” என்று டம்ளரை வைத்துவிட்டார். மிளகு, மிளகாய்க் காரத்தை ஆல்கஹால் இன்னும் தூக்கிவிடும். நம் சாப்பாட்டோடு குடிப்பவர்கள் 14க்கு அருகில் இருக்கும் புட்டியாகப் பார்த்து, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ஊற்றினால் சுக்காவும் ருசிக்கும், ஒயினும் ருசிக்கும். அமெரிக்கப் பத்திரிகைகளின் ஆண்டுப் பட்டியல்களைப் போடுகிறவர்கள் நண்டுக் குழம்போடு சுவைத்துப் பார்ப்பதில்லையே.

இவ்வளவு ஆல்கஹால் ஏறுவதற்கு ஆலைக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. திராட்சையின் குணம் அப்படி. செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் நடுச் சமவெளியில் இருக்கும் லோடைப் பக்கம் போய் ஒரு குலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கறுத்துப் பழுத்திருக்கும், நடுவில் சில காய்கள் இன்னும் பச்சையாகக் கல்லு மாதிரி இருக்கும், ஓரத்தில் சில ஏற்கெனவே சுருங்கி உலர் திராட்சையாகியிருக்கும். எங்கள் ஊர் வியாபாரி பார்த்தால் பெட்டிக்குப் பாதி விலைதான் சொல்வார். பச்சை பழுக்கட்டும் என்று காத்திருந்தால் பழுத்தது வற்றுகிறது. வற்றின பழம் தொட்டியில் ஊறியதும் அதிலிருக்கும் சர்க்கரை கரைந்து, பறித்த அன்று அளந்த கணக்கு மேலே போய்விடுகிறது. சர்க்கரை ஏறினால் ஆல்கஹாலும் ஏறும். இதைக் கட்டுப்படுத்தி 14இல் நிறுத்துவதற்குத் தோட்டத்தில் ஆள் நின்று வேலை பார்க்க வேண்டும்.

அந்தத் தோட்டங்களும் கம்பத்தில் நாம் பார்ப்பது போல இருக்காது. பந்தல் இல்லை, கம்பி இல்லை. இடுப்புயரத்துக்கு முறுக்கிக்கொண்ட அடிமரம், அதிலிருந்து நாலா பக்கமும் கைகள். குளிர்காலத்தில் ஒவ்வொன்றாகக் கையால் கவாத்து செய்ய வேண்டும், பறிப்பதும் கையால்தான். இயந்திரம் உள்ளே நுழையாது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே ஓக்லி, ஆன்டியாக் ஊர்கள் பக்கம் மணல் பூமி. வேரைத் தின்னும் ஃபிலாக்சரா பூச்சி மணலில் பரவ முடியாததால் அங்கே ஒட்டுக்கட்டாத சொந்த வேரிலேயே கொடிகள் நிற்கின்றன. 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோதும் வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன் வரை பழச்சாறு போட்டுக்கொள்ளலாம் என்ற சலுகை இருந்ததால், பழம் ரயிலேறி நியூயார்க், சிகாகோ போனது. கொடிகளும் பிழைத்தன.

மதுவிலக்கில் பிழைத்தவை இப்போது விலையில் சாகின்றன. நாபா கேபர்நே ஒரு டன் சராசரியாக 8000 டாலருக்கு மேல் போகிறது. லோடை ஜின்ஃபண்டெலின் சராசரி ஆயிரத்தைக்கூட எட்டுவதில்லை. பழைய கொடியில் காய்ப்பும் குறைவு, ஆள் கூலி அதிகம். ஒயின் விற்பனை சரிந்ததும் 2024இல் லோடையில் எத்தனையோ வயல்களில் பழத்தைப் பறிக்காமலே விட்டார்கள். பிடுங்கிக் குவித்த கொடிகளை நெடுஞ்சாலையிலிருந்தே பார்க்கலாம். ஆன்டியாக் பக்கம் பிடுங்கிய இடங்களில் வீடுகள் வந்துவிட்டன. அங்கே வீடு வாங்கிய நம்மவர்களும் நிறைய. அது அவர்கள் குற்றமல்ல. ஆனால் ஜின்ஃபண்டெல் என்றாலே மலிவு என்று ஊரெல்லாம் சொன்னால், அந்த விவசாயிக்கு நல்ல விலை யார் கொடுப்பார்?

பூர்வீகமும் மட்டமில்லை. இத்தாலியின் பிரிமிட்டிவோ திராட்சையும் ஜின்ஃபண்டெலும் ஒன்றுதான் என்று டேவிஸ் பல்கலைக்கழகத்தின் கரோல் மெரடித் டிஎன்ஏ சோதனையில் காட்டினார். பிறகு ஜாக்ரெப் பல்கலைக்கழகத்தின் இவான் பெயிச், எடி மாலெட்டிச் இருவரும் அவரோடு சேர்ந்து தேடி, 2001இல் குரோஷியக் கடற்கரையில் காஷ்டெலாவில் ஒரு பழைய தோட்டத்தில் மிச்சமிருந்த இதே ரகத்தின் சில கொடிகளைக் கண்டுபிடித்தார்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை ஒயின் பட்டியல் போடும்போது தோட்டத்தின் பெயர், அறுவடை ஆண்டு, ஆல்கஹால் அளவு மூன்றையும் போடுங்கள். 'பழைய கொடி' என்ற வாசகத்தை மட்டும் நம்ப வேண்டாம். அதற்கு இங்கே சட்டப்படி வரையறை கிடையாது. யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். ஹிஸ்டாரிக் வைன்யார்டு சொசைட்டி என்ற அமைப்பு 50 ஆண்டு கடந்த தோட்டங்களைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக் கொடியாவது முதலில் நட்டதாக இருந்தால்தான் அதில் இடம். கட்டுரையாளர் அந்தப் பதிவேட்டைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு பக்கம் எழுதட்டும். இளஞ்சிவப்புக்கு வேண்டுமானால் அதில் இரண்டு வரி ஒதுக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சுருளிப்பட்டிக்காரன்,
ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா