கட்டடம் கட்டப்போற எங்கட ஹொஸ்பிஸ் கொமிட்டிக்கு

கொமிட்டியில இருக்கிற அண்ணாமார், அக்காமார், டொக்டர்மார் எல்லாருக்கும் வணக்கம்.

மாறாத வருத்தக்காரரிட நோவைக் குறைச்சுக் கடைசிவரை பராமரிக்கிற ஹொஸ்பிஸுக்குக் காணி பார்த்திட்டீங்கள், கட்டடத்துக்குக் காசு சேர்க்கிறீங்கள் எண்டு கேள்விப்பட்டன். சந்தோசம்தான், என்னால ஏலுமானதை நானும் தருவன். ஆனா அதுக்கு முதல் ஒரு விசயம் சொல்லோணும், கோவிக்காதேங்கோ.

அம்மா போன வருசம் காலமானவ. வெள்ளவத்தையில மூண்டாம் மாடி, லிப்ட் பழுது, கிளினிக் நாளில அவவைக் கதிரையோட தூக்கித்தான் இறக்கிறது, பிறகு த்ரீவீல், பிறகு நம்பர் எடுத்து மத்தியானம் வரைக்கும் வாங்கில இருக்கோணும். அங்க இருந்த மிஸ்ஸி (நேர்ஸ்) நல்ல பிள்ளை, 'ரிதெனவத அம்மே', நோகுதோ அம்மா எண்டு சிங்களத்தில அன்பாத்தான் கேக்கும். அம்மாட சிங்களம் சந்தையில மரக்கறி வாங்கிற சிங்களம், 'டிகக் ரிதெனவா' எண்டுவா, கொஞ்சம் நோகுது எண்டு. அதையே கார்ட்டில எழுதி பனடோலையும் தந்து அனுப்பிவிடுவினம். மாசக்கணக்கா இதுதான் நடந்தது.

பிறகுதான் ஆரோ சொல்லி உங்களுக்குப் போன் பண்ணினன். வந்த மிஸ்ஸி கொட்டாஞ்சேனைப் பிள்ளை. கட்டில் விளிம்பில இருந்து, அம்மாட காலில கையை வச்சுக்கொண்டு, "எப்பிடி நோகுது அம்மா, குத்துதோ, உளையுதோ, எரியுதோ?" எண்டு கேட்டவ. அம்மா கொஞ்சநேரம் அவவைப் பார்த்திட்டு, "குத்தேல்ல பிள்ளை, உள்ளுக்க மிளகாய்த்தூள் அப்பின மாதிரி எரியுது, இரவில கரண்ட் அடிச்ச மாதிரி வெட்டி வெட்டி இழுக்குது" எண்டா. எனக்கே அண்டைக்குத்தான் தெரியும். அது நரம்பு நோவாம், அதுக்கு வேற குளிசையும் சேர்க்கோணுமாம், மிஸ்ஸி வாசலில நிண்டே டொக்டருக்குப் போன் எடுத்தவ. மூண்டாம் நாள் இரவு அம்மா விடியும்வரை நித்திரை.

மோர்பின் எண்டதும் நான் பயந்தது உண்மை, பழகிப்போயிடும் எண்டு மாமி வேற புலம்பல். நோவுக்கு அளவா எடுக்கிறது வேற, போதைக்கு எடுக்கிறது வேற எண்டு அந்தப் பிள்ளைதான் விளங்கப்படுத்தினவ. நோ வந்தாப்பிறகு இல்லை, வர முதல், 4 மணித்தியாலத்துக்கு ஒருக்கா மணி பார்த்துக் குடுக்கோணும், மலச்சிக்கல் வரும், அதுக்கும் சேர்த்து மருந்து குடுக்கோணும் எண்டு சொல்லி எழுதித் தந்தவ. அந்தத் துண்டு இன்னும் பிரிட்ஜ் கதவிலதான் ஒட்டியிருக்கு.

நான் சொல்ல வாறது இதுதான், தமிழ் தெரிஞ்ச மிஸ்ஸி உங்களிட்ட அவ ஒராள்தான். எங்கட வீட்டில இருக்கேக்கையே தெமட்டகொடையில இருந்து போன் வரும், "வாறன் அம்மா, ட்ராபிக்" எண்டுவா. கட்டடத்துக்குச் சேர்க்கிற காசில ஒரு பங்கை எடுத்து முதலில இன்னும் ரெண்டு மிஸ்ஸியும் ஒரு வேனும் போடுங்கோ.

ஹொஸ்பிஸ் எண்டாலே கட்டில் போட்ட கட்டடம் எண்டு எங்கட சனம் நினைக்கும். இந்தக் காலத்து ஹொஸ்பிஸ் முறையைத் தொடங்கின சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் 1967இல லண்டனில சென்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹொஸ்பிஸைத் திறந்து ரெண்டே வருசத்தில, 1969இல, வீடு வீடாப் போற டீமையும் தொடங்கிட்டா. இங்கால கேரளாவைப் பாருங்கோ, 1993இல கோழிக்கோடு மெடிக்கல் கொலிஜில நோ குறைக்கிற ஒரு சின்ன கிளினிக்தான், பிறகு மலப்புறம் பக்கம் அக்கம்பக்கத்துச் சனத்தையே பழக்கி நோயாளிட வீட்டுக்கு அனுப்பினவை. உலக சுகாதார நிறுவனக் கணக்கில இந்தப் பராமரிப்புத் தேவைப்படுற 100 பேரில 14 பேருக்குத்தான் அது கிடைக்குது, மிச்சப் பேர் எங்கட அம்மா மாதிரி 'டிகக்' எண்டு சொல்லிக்கொண்டு இருக்கினமாக்கும்.

கட்டடமே வேண்டாம் எண்டு சொல்லேல்ல. ஊரில இருந்து மகரகம கான்சர் ஆசுபத்திரிக்கு வந்து அங்க அறை எடுத்து இருக்கிறவைக்கு அது கட்டாயம் தேவை. ஆனா கட்டினாலும் போர்டில மூண்டு மொழியும் எழுதினாப் போதாது, இரவு டியூட்டியில தமிழ் விளங்கிற ஒராள் இருக்கோணும், நோ கூடுறது இரவிலதானே.

சனிக்கிழமைகளில நான் ப்ரீ, பழக்கினா வருவன், சிங்களமும் ஓடும். அம்மாட காத்து மெத்தையும் மோட்டரோட நல்லா இருக்கு, ஆரும் தேவைப்பட்டா எடுங்கோ. ரெண்டு பெடியளா அனுப்புங்கோ, லிப்ட் இன்னும் செய்யேல்ல.