அட்டையைக் கிழிக்காதே, மாப்ள

கம்பம்,
ஐப்பசி, ஞாயிறு மாலை.

அன்பு மாப்ளைக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மழையால்தான் பதில் போடவில்லை என்றால் நம்பமாட்டாய், ஆனால் நிஜம் அதுதான். ஐப்பசி பிறந்ததிலிருந்து மெட்டுப் பக்கம் வானம் வெளுக்கவே இல்லை. சுருளி அருவியில் குளிக்க விடுவதில்லை. திராட்சைக்காரர்கள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. பழுக்கிற நேரத்தில் மழை பிடித்தால் கொத்தோடு வெடித்துவிடும். மகன்தான் இப்போது கடையைப் பார்க்கிறான். நான் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு போவோர் வருவோரிடம் வம்பளக்கிறேன்.

பேரன் உன் பல்செட்டை ஒளித்துவைத்த கதையைப் படித்து வீடே சிரித்தது. அதற்கடுத்து ஒரு வரி எழுதியிருந்தாய் பார், அங்கே என் சிரிப்பு நின்றுபோனது. மூட்டுவலிக்குக் காலையில் ஒரு புரூஃபன், அதாவது ஐபுபுரூஃபன், ராத்திரி ஒன்று, ஒரு மாசமாக ஓடுகிறதாம். இடுப்பும் பிடித்துக்கொண்டால் மருமகள் வாங்கிவைத்திருக்கும் அசிக்ளோஃபெனாக் என்ற இன்னொரு வலி மாத்திரையில் ஒன்றாம். டீயும் வடையும் மாதிரி எழுதியிருக்கிறாயே!

முப்பது வருஷம் மெடிக்கல் நடத்தியவன் சொல்கிறேன், கேள். இல்லை, முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

விடியற்காலை ஐந்தரைக்குக் கம்பமெட்டு ரோட்டில் நிற்கும் ஜீப்புகள் உனக்கு மறந்திருக்காது. வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற பெண்கள் ஒரு ஜீப்பில் பதினைந்து பேர் அடைந்திருப்பார்கள். ஏலம் செடியின் அடியில் தரையோடு காய்க்கிற சாதி. நாள் பூராவும் குனிந்தபடியே எடுக்கவேண்டும். ஜீப் கிளம்புவதற்குள் ஓடிவந்து, "அண்ணே, இடுப்புக்கு ரெண்டு குடுங்க" என்பார்கள். நான் மாத்திரை அட்டையில் ரெண்டைக் கத்தரித்துப் பேப்பரில் மடித்துக் கொடுப்பேன். பேர் இருக்காது, தேதி இருக்காது. மேலே போய் வேறு கடையில் இன்னொரு ரெண்டு வாங்குவார்கள். அதற்கும் பேர் இருக்காது. இரண்டும் ஒரே மருந்தா, அண்ணன் தம்பியா என்று யாருக்குத் தெரியும்?

ஒரு நாள் அப்படி வாங்கிப்போகிற அம்மா ஒருவர் கால் வீங்கி வந்து நின்றார். கையில் ரத்தப் பரிசோதனைத் தாள். சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டுகிற கிரியேட்டினின் அளவு ஏறியிருந்தது. "என்ன மாத்திரை போட்டீங்கன்னு டாக்டர் கேக்குறாருண்ணே, நான் என்னத்தச் சொல்ல?" என்றார். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. மாத்திரையை நிறுத்தியதும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவிட்டது, அவர் புண்ணியம். அன்றைக்கு எடுத்துவைத்த கத்தரிக்கோலைப் பிறகு நான் தொடவில்லை.

இந்த மருந்து என்ன செய்கிறது என்று தெரிந்தால் நீயே நிறுத்திவிடுவாய். அடிபட்ட இடத்தில் உடம்பு புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. வலியும் வீக்கமும் காய்ச்சலும் அதனால்தான். இந்த மாத்திரை அந்தச் சுரப்பை அடைக்கிறது. 1971இல் ஜான் வேன் என்பவர் ஆஸ்பிரினை வைத்து இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். 1982இல் நோபல் கொடுத்தார்கள். வில்லங்கம் எங்கே என்றால், அதே புராஸ்டாகிளாண்டின்தான் இரைப்பையின் உள்தோலைக் காக்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. மாத்திரைக்கு உன் மூட்டு எது, சிறுநீரகம் எது என்ற பேதம் கிடையாது.

"சாப்பிட்டுவிட்டுத்தானே போடுகிறேன்" என்று நீ சொல்வாய், உன்னைத் தெரியாதா? சாப்பிட்டுப் போட்டால் எரிச்சல் குறையும், அவ்வளவுதான். ரத்தத்தில் கலந்த பிறகும் அது இரைப்பையின் காப்பைக் குறைக்கும். ஊசியாகப் போட்டாலும் வயிறு புண்ணாவது அதனால்தான். கேஸ் மாத்திரை சேர்த்துப் போட்டால் வயிற்றுக்குக் காவல். சிறுநீரகத்துக்கு அதுவும் இல்லை.

உன் பிரஷர் மாத்திரைப் பேரையும் எழுதியிருந்தாய்: டெல்மிசார்ட்டனோடு நீர் மாத்திரை சேர்ந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அங்கேதான். இந்த மாதிரிப் பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் ஒரே ஆளுக்குள் போனால் சிறுநீரகத்தை மூன்று பக்கமும் நெருக்கும். வயிற்றுப்போக்கு வந்தோ வெயிலில் அலைந்தோ உடம்பில் தண்ணீர் வற்றினால் கேட்கவே வேண்டாம். போதாக்குறைக்கு வலி மாத்திரை பிரஷரையும் ஏற்றிவிடும். தங்கச்சி இதயத்துக்கு ஆஸ்பிரின் 75 போடுகிறாள் இல்லையா, அவளுக்கும் உன் அட்டையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடாதே. ஐபுபுரூஃபன் முந்திக்கொண்டால் ஆஸ்பிரின் தன் வேலையைச் செய்ய முடியாமல் போகும்.

நாம் சின்ன வயதில் ஊருக்கு வெளியே செத்த மாட்டின் மேல் பார்த்த பிணந்தின்னிக் கழுகுகள் எங்கே போயின தெரியுமா? இதே குடும்பத்து டைக்ளோஃபெனாக்கை மாட்டுக்குப் போட்டார்கள். அந்த மாட்டைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு இந்தியா முழுக்கச் செத்துவிழுந்தன. 2006இல் மாட்டுக்குப் போடுவதைத் தடை செய்தார்கள். உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை, கழுகின் உடம்பு வேறு நம் உடம்பு வேறு. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அது மனதைவிட்டுப் போகவில்லை, அவ்வளவுதான்.

மருந்தை மட்டும் திட்டக்கூடாது. நாட்டிங்காமில் ஸ்டூவர்ட் ஆடம்ஸ் என்ற ஆள் முடக்குவாதக்காரர்களுக்காக வருஷக்கணக்கில் உழைத்துக் கண்டுபிடித்தது இந்த ஐபுபுரூஃபன். 1969இல் இங்கிலாந்தில் கடைக்கு வந்தது. ராத்திரி குடித்த தலைவலிக்குத் தானே போட்டுப் பார்த்தாராம், மறுநாள் மேடையில் பேசவேண்டியிருந்ததாம். போன மாசம் பல் பிடுங்கியபோது நானும் போட்டேன். எனக்குப் பிரஷர் மாத்திரை கிடையாது, வயிற்றுப்புண் வந்ததில்லை. 400 மில்லிகிராம், சாப்பிட்டபின், டம்ளர் நிறையத் தண்ணீரோடு. ஒரு மணி நேரத்தில் வலி அடங்கியது. வலி உச்சிக்கு ஏறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு அப்புறம் இரண்டாகப் போடுவதில் பிரயோசனம் இல்லை. ஆரம்பத்திலேயே ஒன்று போட்டால் போதும். அடுத்ததற்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பொறுக்கவேண்டும். டாக்டர் சொல்லாமல் ஒரு நாளில் 1200 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, பத்து நாளுக்கு மேல் நீட்டக்கூடாது. எனக்கு இரண்டே நாளில் தேவைப்படவில்லை.

காய்ச்சலுக்கும் இதைப் போடுகிறார்களே, அதில் ஒன்று ஞாபகம் வருகிறது. குமுளியிலிருந்து வந்த சேட்டன் ஒருவர் "பனிக்கு குளிக வேணும்" என்று கேட்க, கடைப்பையன் சளி மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டான். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல் என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? இந்த மழைக்காலத்தில் எந்தப் பனியாக இருந்தாலும் பாராசிட்டமால்தான். டெங்குவாக இருந்துவிட்டால் ஐபுபுரூஃபன் ரத்தக்கசிவைக் கூட்டும்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். வலி மாத்திரை இரண்டையும் இன்றைக்கே நிறுத்து. பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதே, அதுவேறு செய்வாய் நீ. இந்த வாரமே உன் டாக்டரிடம் போய் ஒரு மாசமாகப் போட்டதை மறைக்காமல் சொல்லி, கிரியேட்டினின் பார்க்கச் சொல். வெளிக்குப் போவது தார் மாதிரிக் கறுப்பாக இருந்தாலோ, வாந்தியில் காப்பித்தூள் மாதிரி வந்தாலோ டாக்டர் வரும்வரை காத்திராதே, நேராக ஆஸ்பத்திரி. மூட்டுக்கு மேலே தடவுகிற டைக்ளோஃபெனாக் ஜெல் ஆகுமா என்று அவரிடம் கேள். தடவினால் ரத்தத்தில் சேர்வது கொஞ்சம்தான், முட்டிக்கு நன்றாகவே கேட்கும். தொடைத் தசைக்குப் பயிற்சி சொல்லித்தருவார்கள், அதையும் செய். மூன்றாவது மாடியிலிருந்து கீழ்வீட்டுக்கு மாறச் சொல்லி மகனிடம் நான் பேசட்டுமா?

தைக்கு வருவதாக எழுதியிருந்தாய். வரும்போது வீட்டில் கிடக்கிற மாத்திரையெல்லாம் அட்டையோடு ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்து வா, கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பஸ் ஸ்டாண்டுக்கு மகன் வண்டியோடு வருவான். ஜீப்பில் தொற்றிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பிவிடாதே.

உன் கடைசி பெஞ்சுக்காரன்.