கோபன்ஹேகனிலிருந்து மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

நலம். அங்கே அத்தை, பாட்டி எல்லாரும் சௌக்கியமா? இங்கே டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. பெரிய அதிகாரிகள்கூட சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறார்கள். நானும் ஒன்று வாங்கிவிட்டேன்.

"டூ ஸ்ட்ரோக்கா? அதைக் கத்துக்கவா டென்மார்க் போனே?" என்று போனில் கேட்டீர்களே, நான் படிப்பது பெரிய கப்பல்களை ஓட்டும் டூ ஸ்ட்ரோக் டீசல் இன்ஜின். புகை கக்கி எண்ணெயை வீணாக்கும் ரகம் என்று நீங்கள் நினைப்பதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். காவேரிப்பட்டணம் பட்டறையில் நீங்கள் பிரித்த பழைய மொபெட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலும் காற்றும் கலந்தே உள்ளே வரும். அந்தக் கலவைதான் எரிந்த புகையையும் வெளியே தள்ளவேண்டும். தள்ளும்போதே எரியாத பெட்ரோலில் ஒரு பங்கு சைலன்சர் வழியே ஓடிவிடும். ஆயிலும் கூடவே எரியும். குற்றம் டூ ஸ்ட்ரோக்கில் இல்லை மாமா, கலந்து அனுப்புவதில்தான்.

கப்பல் இன்ஜினுக்குள் வருவது வெறும் காற்று. பிஸ்டன் அடிக்கு இறங்கியதும் லைனரின், அதாவது பிஸ்டன் ஓடும் உருளையின், கீழ்ப்பக்கம் சுற்றிலும் உள்ள துளைகள் திறக்கும். டர்போ என்ற காற்றழுத்தி அழுத்திய காற்று அதில் புகுந்து, உச்சியிலுள்ள ஒரே எக்ஸாஸ்ட் வால்வு வழியாகப் புகையைத் துரத்தும். வால்வு மூடி, காற்று இறுகிச் சூடேறிய பிறகுதான் எண்ணெயைப் பீச்சுவார்கள். அது எரியாமல் ஓட வழி கிடையாது. எண்ணெயிலுள்ள சக்தியில் ஏறக்குறைய பாதி, சுழலும் தண்டுக்கு வந்து சேர்கிறது.

நம் கிணற்று ஆயில் இன்ஜின் ஃபோர் ஸ்ட்ரோக், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும். இது டூ ஸ்ட்ரோக், சுற்றுக்கு ஒருமுறை. நிமிடத்துக்கு நூறு சுற்று என்பதே இதற்கு அதிகம். அதனால் கியர்பாக்ஸ் இல்லாமல் நேராகப் புரொபெல்லர். கப்பல் பின்னால் போகவேண்டுமென்றால் இன்ஜினை நிறுத்தி, அழுத்தக் காற்றால் எதிர்ப்பக்கம் சுற்றவிட்டுக் கிளப்புகிறார்கள்! கரண்டுக்கான ஜெனரேட்டர்கள் மட்டும் ஃபோர் ஸ்ட்ரோக்.

இங்கே மியூசியத்தில் 1932-ல் செய்த டூ ஸ்ட்ரோக் ஒன்று நிற்கிறது. எட்டு சிலிண்டர், 22,500 குதிரைத்திறன், பன்னிரண்டு மீட்டருக்கு மேல் உயரம். பிஸ்டனுக்கு மேலும் வெடிக்கும், கீழும் வெடிக்கும். முப்பது வருஷம் உலகத்திலேயே பெரிய டீசல் அதுதான். சில ஞாயிறுகளில் ஓட்டியும் காட்டுகிறார்கள். நீங்கள் வந்தால் உங்களை அங்கிருந்து கிளப்ப முடியாது.

ஆனால் ஒன்று, 1912-ல் இதே ஊரில் கட்டிய செலாண்டியா என்ற கப்பலுக்கு ஃபோர் ஸ்ட்ரோக் டீசல்தான் வைத்தார்கள். அன்றைக்கு உங்கள் ஃபோர் ஸ்ட்ரோக் கட்சி ஜெயித்திருக்கிறது.

பெங்களூரா மாமரங்கள் பூ விட்டதா? மருந்தடிக்கிற கூலிக்கு அம்மா கணக்கில் பணம் போட்டிருக்கிறேன், வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்