மாடியில் நடக்கும் ஆட்டம்

வேலூர்,
ஆடி 5

அன்புள்ள சரசு,

நான் நலம். நீ நலம் என்று உன் மருமகள் சொல்கிறாள். உன் வாயால் அதைக் கேட்க முடிவதில்லை. போனை எடுத்தால் "ம்", "சரி", "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் துண்டிக்க முடியாதே, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஊர்ச் செய்தியைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். அண்ணிக்கு முட்டி ஆபரேஷன் ஆகி, இப்போது கோலூன்றி நடக்கிறாள். ஒல்லி டீச்சர் பேத்திக்கு ஆவணியில் கல்யாணம், திருவலத்தில். பத்திரிகை உனக்கும் வரும். குடியாத்தம் சிரசுத் திருவிழாக் கூட்டத்தில், நாம் 'கலெக்டர்' என்று கூப்பிடுவோமே, அவரைப் பார்த்தேன், அதே மஞ்சள் பை. உன்னைத்தான் முதலில் விசாரித்தார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் அண்ணன் மகள் கயல் பெங்களூரில் அட்டக்களரி என்ற நடனப் பள்ளியில் கன்டெம்பரரி நடனம் படித்தாள் இல்லையா? அவள் ஊர் திரும்பி, நம் லாட்ஜ் மொட்டை மாடியைக் கேட்டாள். சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு ஒரு மணி நேரம். யாருக்கு என்றேன். "இங்கே தங்கியிருக்கிறவங்களுக்கு, அத்தை" என்றாள்.

உனக்குத் தெரியாததில்லை. இங்கே வைத்தியத்துக்காக வந்து தங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம். மிச்சம் சித்தூர்ப் பக்கம். நோயாளியைப் பார்க்க டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார். கூட வந்தவரைப் பார்க்க யார் இருக்கிறார்கள்? காலையில் ஒரு வரிசை, மதியம் ரிப்போர்ட்டுக்கு இன்னொரு வரிசை, ராத்திரி வாடகை அடுப்பில் கடுகெண்ணெயில் உருளைக்கிழங்கு. பக்கத்து அறைக்காரரோடு பேசப் பாஷை கிடையாது. வாரக்கணக்கில் இப்படியே இருப்பார்கள். சிலர் மாதக்கணக்கில். இத்தனை வருஷமாகச் சாவி கொடுத்து வாங்குகிறேன், அந்த முகங்களை நான் அறிவேன்.

அவர்கள்தான் இப்போது மாடிக்கு வருகிறார்கள். தண்ணீர்த் தொட்டி ஓரமாக இருக்கும் துணிக் கொடிகளை அவிழ்த்துவிட்டு, தரையைக் கழுவி ஆறவிட்டு, பழைய ஜமுக்காளங்களை விரிக்கிறோம். பாட்டு கிடையாது. முதலில் சும்மா நிற்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, கையைத் தொங்கவிட்டு நின்றுபார், சரசு. உடம்பு அசையாமல் நிற்பதாக நினைக்கிறோம். அது ஓயாமல் ஒரு பக்கம் சாய்கிறது, கணுக்கால் அதைப் பிடித்து நிறுத்துகிறது, அடுத்த நொடி மறுபக்கம் சாய்கிறது. ஸ்டீவ் பாக்ஸ்டன் என்ற அமெரிக்க நடனக்காரர் இதையே ஒரு குட்டி நடனம் என்றாராம். ஜிம்னாஸ்டிக்ஸ் பழகியவர், ஜப்பான்காரர்களின் அய்கிடோ என்ற தற்காப்புக் கலையும் கற்றவர். 1972ல் ஒரு கல்லூரியில் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு, விழுவதும் உருள்வதும் ஒருவர்மேல் ஒருவர் மோதுவதுமாக ஓர் ஆட்டம் செய்தார். கடைசியில் எல்லாரும் இப்படிச் சும்மா நின்றார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் கான்டாக்ட் இம்ப்ரொவைசேஷன். முன்கூட்டி அமைத்த அடவு இல்லை. இரண்டு பேர் தொட்டுக்கொண்டிருக்கும் ஏதோ ஓர் இடம், அந்த இடத்தில் யார் எவ்வளவு எடையைக் கொடுக்கிறார், யார் வாங்கிக்கொள்கிறார், அதுதான் ஆட்டம். பாக்ஸ்டன் 2024ல் இறந்துபோனார். அன்றைக்குக் கயல் அழுததன் காரணம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

தொடுவதா, ஆணும் பெண்ணுமா என்று நீ புருவம் உயர்த்துவது இங்கிருந்தே தெரிகிறது. தெருவிலும் ஒருவர் வந்து கேட்டார். கயல் அவரை மாடிக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள், அவ்வளவுதான். முறை என்ன தெரியுமா? உள்ளங்கையை எதிரில் இருப்பவருக்கு நீட்டிக் காட்ட வேண்டும். அவர் தன் கையை வைத்தால் சரி. வைக்காவிட்டால் தலையசைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும், முகம் வாடக் கூடாது. பெண்களோடு மட்டும் ஆட நினைக்கிற பெண்கள் அப்படியே ஆடலாம். எந்த நேரத்திலும் விலகிப்போய்ச் சுவரோரம் உட்காரலாம். வீட்டில், பஸ்ஸில், கோயில் வரிசையில் நம்மைத் தொட்டவர்களில் எத்தனை பேர் இப்படிக் கேட்டுவிட்டுத் தொட்டார்கள்? இந்த மாடியைவிட மரியாதையான இடத்தை நான் பார்த்ததில்லை.

அப்புறம்தான் முதுகோடு முதுகு. இருவரும் முதுகை ஒட்டி நின்று, கையை ஊன்றாமல் மெதுவாக உட்கார வேண்டும், பிறகு அதே மாதிரி எழ வேண்டும். ஒருவர் நன்றாகச் சாய்ந்து மற்றவர் சாயாவிட்டால் இரண்டு பேரும் சரிந்துவிடுவார்கள். நாசூக்காகப் பட்டும் படாமலும் இருந்தால் எழவே முடியாது. முழு எடையையும் கொடுத்தால்தான் எழ முடிகிறது. இதை யாருக்கும் எந்தப் பாஷையிலும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இரண்டாம் தடவையே உடம்பு கண்டுபிடித்துவிடுகிறது.

முர்ஷிதாபாத்திலிருந்து ஒரு பெரியவர் மனைவியின் வைத்தியத்துக்காக வந்திருந்தார். கட்டம் போட்ட லுங்கி, தோளில் சிவப்புத் துண்டு. சாவி வாங்கும்போதுகூட நிமிர்ந்து பார்க்க மாட்டார். மாடிக்கு வந்து சுவரோரமாக உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். நம்ம பூக்கார மங்கை இருக்கிறாளே, கூடை காலியானதும் அவளும் மேலே வந்துவிடுவாள். ஒருநாள் அவருக்கு உள்ளங்கையை நீட்டினாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் கையை வைத்தார். அன்றிலிருந்து அந்த இரண்டு பேரும் ஜோடி. அவளுக்கு வங்காளி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது.

ஆபரேஷன் அன்றைக்கு அவருடைய மகன் மட்டும் ஆஸ்பத்திரியில் இருந்தான். இவரை அறைக்கு அனுப்பிவிட்டான். இவர் அறையில் இருக்க முடியாமல் மாடிக்கு வந்துவிட்டார். ஆட்ட நேரமே இல்லை அது, மதியம். தொட்டி நிழலில் நின்றுகொண்டிருந்தார். நான் கீழே போய் மங்கையிடம் சொன்னேன். அவள் பாதி கட்டிய சரத்தை அப்படியே கூடையில் போட்டுவிட்டு ஏறிவந்து, ஒன்றும் கேட்காமல் உள்ளங்கையை நீட்டினாள். அப்புறம் அவர் முதுகில் தன் முதுகை வைத்து நின்றாள். இரண்டு பேரும் உட்காரவில்லை, ஆடவில்லை. அவர் மூச்சு வாங்கும்போது அவள் தோள் ஏறி இறங்குவது எனக்குத் தெரிந்தது. மகனிடமிருந்து போன் வரும்வரை அப்படியே நின்றார்கள். நல்ல செய்திதான். அந்த அம்மாள் இப்போது தேறி, போன வாரம் ஊருக்கு ரயிலேறிவிட்டார்.

இதைத்தான் உனக்குச் சொல்லியாக வேண்டும் என்று இருந்தது. ஆறுதல் வார்த்தை இங்கே நிறையக் கிடைக்கும். பிரார்த்தனை செய்கிறவர்கள் உண்டு, நேர்ந்துகொள்கிறவர்கள் உண்டு. அந்த மதியம் அவருக்குத் தேவைப்பட்டது, தன் எடையில் பாதியை யாராவது வாங்கிக்கொள்வது. அதை மங்கை செய்தாள், செய்யும் விதம் அவளுக்குப் பழகியிருந்தது.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆராய்ச்சியாளர்கள் பிரேசில் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டாக ஆடவைத்து 2015ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிரஷர் பார்க்கும் பட்டையைக் கையில் இறுக்கி, எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் பார்த்தார்கள். ஒரே நேரத்தில் ஒரே அசைவாக ஆடியவர்களுக்கு வலி தாங்கும் சக்தி கூடியது, கூட ஆடியவர்கள்மேல் நெருக்கமும் கூடியது. நம்ம ஊர்க்காரர்களுக்கு இது புதிதா? கும்மியும் கோலாட்டமும் வேறென்ன?

புரிசைப் பக்கத்திலிருந்து ஒரு தெருக்கூத்து வாத்தியார் சிகிச்சைக்காக வந்து தங்கியிருந்தார். அவரும் மாடிக்கு வந்து வேடிக்கை பார்த்தார். கயல் அவரிடம், "கூத்துல நீங்க தனியா ஆடறீங்களே தாத்தா" என்றாள். அவர் சிரித்துவிட்டார். "தனியாவா? புஜக்கட்டையை நானே கட்டிக்க முடியுமா? ஒருத்தன் கட்டிவிடணும், ரெண்டு பேர் திரை பிடிக்கணும், பின்பாட்டுக்காரன் என் கடைசி வார்த்தையைப் பிடிச்சுக்கணும். அப்பத்தாம்மா நான் கர்ணன்" என்றார். கயல் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

பாகாயத்திலிருந்து சக்கர நாற்காலியில் ஒரு பையன் வருகிறான். மாடிப்படியில் அவனை நாலு பேர் தூக்கிவருவதே ஓர் ஆட்டம் மாதிரிதான் இருக்கிறது. மேரி வர்கீஸ் டாக்டர் 1954ல் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் நாற்காலியில் உட்கார்ந்தபடி அறுவை சிகிச்சை செய்த ஊர் இது. லண்டனில் கேண்டோகோ என்று ஒரு குழுவை 1991ல் தொடங்கியவர்களில் ஒருவர், மேடையில் விழுந்து அடிபட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்த நடனக்காரி. அந்தக் குழுவில் நடக்க முடிந்தவர்களும் முடியாதவர்களும் சேர்ந்து ஆடினார்கள். கயல் அந்த வீடியோவைக் காட்டியதிலிருந்து பையன் நாற்காலியைச் சுழற்றுகிற வேகத்தைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது.

இனி என் கவலையைச் சொல்கிறேன். கயல் இதை மேடை ஏற்ற வேண்டும் என்கிறாள். கோட்டை மைதானத்தில், இந்த மனிதர்களையே வைத்து. எனக்கும் அவளுக்கும் இதில்தான் தகராறு, சாப்பாட்டு நேரத்தில்கூட விடுவதில்லை. ஜெர்மனியில் பினா பவுஷ் 1978ல் கோன்டாக்ட்ஹோஃப் என்று ஒரு நடனம் அமைத்தார். ஆணும் பெண்ணும் தொடத் தவிப்பதும் தயங்குவதும்தான் அதில் எல்லாம். அதையே 2000ல் நடனக்காரர்களை விட்டுவிட்டு, 65 வயதைத் தாண்டிய சாதாரண ஊர்க்காரர்களை வைத்து ஆடவைத்தார். பிறகு 2008ல் பள்ளி வயதுப் பிள்ளைகளை வைத்து. "அந்தப் பாட்டிகள் ஆடலாம், முர்ஷிதாபாத் தாத்தா ஆடக்கூடாதா?" என்று கயல் கேட்கிறாள். சென்னையில் இருந்த நடனக் கலைஞர் சந்திரலேகாவையும் பேச்சில் இழுக்கிறாள். காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் பயின்றவர், 1985ல் பரதத்தையும் யோகத்தையும் களரியையும் சேர்த்து 'அங்கிகா' செய்தபோது எத்தனை பேர் முகம் சுளித்தார்கள், பயந்திருந்தால் அது வந்திருக்குமா என்கிறாள்.

நியாயம்தான். ஆனால் அந்த ஜெர்மன் பாட்டிகள் தங்கள் சொந்த ஊரில் இருந்தவர்கள். மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்துத் தங்கள் சம்மதத்தோடு மேடை ஏறினார்கள். நம் மாடியில் இருப்பவர்கள், டாக்டர் போகலாம் என்றால் அன்றைக்கே பெட்டி கட்டுகிறவர்கள். மனைவி ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும்போது ஒருவர் நின்ற நிலையை இன்னொருவர் டிக்கெட் வாங்கிப் பார்ப்பதா? ஒரு பையன் போனைத் தூக்கிப் படம் எடுக்க வந்தபோது எல்லார் உடம்பும் உடனே விறைத்துப்போனதை நான் பார்த்தேன். பார்க்கிறவர் ஒருவர் வந்ததும் சாய்வது நின்று, சாய்வதுபோல் காட்டுவது தொடங்கிவிடுகிறது. பார்க்க வருகிறவர்களையும் ஜமுக்காளத்தில் நிற்கவைக்கலாம், பார்வையாளர் என்று யாரும் வேண்டாம் என்கிறேன். கயல் யோசிக்கிறேன் என்கிறாள். அவள் அப்படிச் சொன்னால் பாதி சம்மதம். நீ யார் பக்கம்? எழுது. மழுப்பாதே.

சரசு, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் வீட்டுக்காரர் போனதிலிருந்து உன்னை யாராவது தொட்டிருக்கிறார்களா? காரியத்தன்று கட்டிக்கொண்டு அழுதோம், அதற்குப் பிறகு? பேரனும் வளர்ந்துவிட்டான், மடிக்கு வர மாட்டான். எனக்கு அந்த வறட்சி தெரியும். கல்யாணம் வேண்டாம் என்று நின்றவள் நான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மாடியில் முதல் தடவை ஒரு ஜார்க்கண்ட் பெண்ணின் முதுகு என் முதுகில் பட்டபோது, பிரஷர் பார்க்கும் நர்ஸைத் தவிர யாரும் என்னைத் தொட்டு எவ்வளவு காலமாயிற்று என்று நெஞ்சை அடைத்தது. நமக்குச் சோறு போடுவார்கள், மருந்து வாங்கித் தருவார்கள், காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்குவார்கள். சாய்ந்துகொள்ள மட்டும் யாரும் வர மாட்டார்கள். இந்த வயதில் உடம்பு என்றால் வியாதி மட்டும்தானா?

சாமியில்லாத கோயில் என்று ஊரே கேலி பேசிய காலம் போய், 1981ல் ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்தாரே, அந்தக் கூட்டத்தில் நீ என் மணிக்கட்டை விடவே இல்லை. வளையல் உடைந்து ரத்தம் வந்தும் விடவில்லை. அந்தப் பிடி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நாலு வார்த்தைக்கு மேல் பேசாமல் ஒதுங்கிக்கொள்கிற பெண் நீ இல்லை.

அதனால் வா. துக்கம் விசாரிக்க ஆள் வருவார்கள் என்ற பயம் வேண்டாம், நம் மாடியில் இருக்கிற யாருக்கும் உன் கதை தெரியாது, கேட்கவும் மாட்டார்கள். ஆடத் தெரியாது என்று சொல்லாதே. பள்ளி ஆண்டு விழாவில் கும்மிக்கு வட்டம் பிடித்து, தாளம் தப்பினவளை முதுகில் தட்டிச் சேர்த்தவள் நீ. கயலுக்குக் கும்மியை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். நான் உன் பெயரைச் சொல்லிவிட்டேன், அவள் அட்டவணையிலும் எழுதிவிட்டாள். வாத்தியார் வேறு ஆவணியில் மறுபடி செக்கப்புக்கு வருகிறார். கூத்து அடவையும் உன் கும்மியையும் ஒரே வட்டத்தில் வைக்க வேண்டும் என்று கயல் துடிக்கிறாள்.

கோயம்புத்தூரில் காலை இன்டர்சிட்டியில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குக் காட்பாடி வந்துவிடலாம். ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாங்கி வைக்கிறேன். ஒல்லி டீச்சர் வீட்டுக் கல்யாணத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போகலாம். மருமகளிடம் நான் பேசிக்கொள்கிறேன், உனக்கு அந்தச் சாக்கும் வேண்டாம். எந்தத் தேதிக்கு டிக்கெட் போடட்டும் என்று மட்டும் எழுது.

உன்,
விஜி

பி.கு.: காட்டன் புடவை இரண்டு போதும், மாடிக்குச் சுடிதார் வேண்டுமென்றால் என்னுடையது இருக்கிறது. கலெக்டருக்கு நான் என்ன பதில் சொல்ல?