எங்கள் பின்வளவைக் குளிருக்கு முன் ஒதுக்கித் தந்தவர்களுக்கு

அன்பான அயலவர்களுக்கும் வந்து உதவிய பிள்ளைகளுக்கும்,

செப்டம்பர் முதல் கிழமை எனக்கு முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை நடந்தது. குந்தக் கூடாது, முழந்தாளிடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். இவருக்கும் முதுகு ஏலாது. ஸ்காபரோவில் தோட்டம் வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும், பந்தல் பிரிப்பது, காய்ந்த கொடி அறுப்பது, சாடிகளை உள்ளே எடுப்பது என்று வேலையெல்லாம் ஒன்றாகக் குவிகிற காலம் அது, எல்லாவற்றையும் முதல் உறைபனிக்கு முன் முடித்தாக வேண்டும். நான் குசினி யன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு பார்த்தபடி இருந்தேன். புடலங்கொடி பந்தலோடு வேலியில் சரிந்து கிடந்தது. தக்காளிச் செடிகள் அடியிலிருந்து கருகிக்கொண்டு வந்தன. அழுகை வந்தது.

நான் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை. நீங்களாகத்தான் வந்தீர்கள்.

முதலில் எதிர் வீட்டுத் தங்கச்சிக்கு. இரவில் 10 பாகைக்குக் கீழே போகப் போகிறது என்று தெரிந்த அன்று, வேலையால் வந்த களைப்போடே, என் 2 கறிவேப்பிலைச் சாடிகளையும் பார்த்து எடுத்தீர்கள். அப்படியே உள்ளே கொண்டுவந்து வைத்திருந்தால் போதும் என்றுதான் நான் நினைத்தேன். நீங்கள் ஒவ்வொரு இலையையும் திருப்பிப் பார்த்து, அடியில் ஒட்டியிருந்த பூச்சியைச் சவர்க்காரத் தண்ணியால் கழுவி, மேல்மண்ணைச் சுரண்டி மாற்றிய பிறகுதான் தெற்குப் பக்க யன்னலில் வைத்தீர்கள். போன வருடம் நான் அவசரத்தில் அதைச் செய்யாமல் விட்டு, தை மாதத்துக்குள் செடி முழுக்கச் சிலந்திப்பூச்சி பிடித்து மொட்டையானது. இந்த முறை புதுக் கொழுந்து விட்டிருக்கிறது. வந்து ஆய்ந்துகொண்டு போங்கள்.

நன்றி நவிலல் நாள் நீண்ட விடுமுறையில் வந்த 4 பிள்ளைகளுக்கு என்ன சொல்ல? பள்ளிக்கூடத்துக்குக் காட்ட வேண்டிய 40 மணி நேரத் தொண்டுக் கணக்குக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, கையெழுத்து வைக்கப் பேனையோடு இருந்தேன். "அது போன வருடமே முடிஞ்சுது அன்ரி" என்றான் ஒருவன். சனிக்கிழமை காலை 9 மணிக்குத் தொடங்கி இருட்டும்வரை நின்றீர்கள். பச்சைத் தக்காளியையெல்லாம் ஆய்ந்து, நல்லதாகப் பார்த்துப் பெட்டியில் பத்திரிகைத் தாள் விரித்து அடுக்கி, நடுவில் ஒரு வாழைப்பழமும் வைத்தீர்கள். முக்கால்வாசி பழுத்துவிட்டது, மீதியில் ஊறுகாய் போட்டேன். கருகல் பிடித்த தக்காளிக் கொடியை எங்கள் எருக்குவியலில் போடாமல் கடதாசிப் பையில் தனியாகக் கட்டி மாநகரசபை வண்டிக்கு வைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் செய்தீர்கள். வீட்டுக் குவியல் அந்த நோயைக் கொல்லுகிற அளவுக்குச் சூடாகாது, அடுத்த வருடமும் அது மண்ணோடு திரும்பி வரும். அப்படிக் கேட்டுச் செய்கிற பிள்ளைகளைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா?

அந்தப் பிள்ளைகளில் ஒருத்திக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். காய்ந்து நின்ற எக்கினேசியாப் பூச்செடியை அடியோடு வெட்டுங்கள் என்று நான் யன்னலால் கத்தினேன். நீ கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வந்து, விதையைக் குருவிகள் தின்னும், காய்ந்த தண்டுக்குள் காட்டுத்தேனீக்கள் குளிர்காலத்தைக் கழிக்கும், வசந்தத்தில் வெட்டலாமே என்று மெதுவாகச் சொன்னாய். இத்தனை வருடமாக நான் வெட்டிக்கொண்டுதான் இருந்தேன். இன்று காலை அதில் 3 மஞ்சள் குருவிகள் தொங்கிக்கொண்டு நின்றன, உனக்குக் காட்ட வேண்டும் போல் இருந்தது.

இப்போது புடலங்காய்க் கதை. விதைக்கு விட்ட காய் ஒன்று கொடியில் முற்றித் தொங்கியது, அதில் சிவப்பு நூல் கட்டியிருந்தேன். சொல்ல மறந்துவிட்டேன். கனடாவுக்கு வந்த புதிதில் நாங்கள் இருந்த அடுக்குமாடியில் கீழ்த்தட்டு அக்கா ஒருவர் தந்த விதையின் வழி வந்தது அது, வருடா வருடம் நானே எடுத்து வைக்கிறது. அவர் இப்போது இல்லை. பந்தல் பிரித்த தம்பி, நீங்கள் அந்த நூலைக் கண்டு, இதில் ஏதோ விசயம் இருக்கிறது என்று காயைத் தனியே கொண்டுவந்து என் மடியில் வைத்தீர்களே, அந்த நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. அன்று சொல்லாத நன்றியை இங்கே சொல்லுகிறேன்.

வேலிக்கு அந்தப் பக்கத்து இத்தாலிய ஐயாவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, நேரில் சொல்லிவிட்டேன், ஆனாலும் எழுதாமல் விட மாட்டேன். தன் அத்திமரத்தைக் குளிருக்குச் சாக்குச் சுற்ற வேண்டிய நேரத்தில், ஆடியில் கிண்டிய உள்ளியில் மிகப் பெரிய முழுக்களாகப் பார்த்து எடுத்துவைத்ததைக் கொண்டுவந்தார். சின்னதை நட்டால் சின்னதுதான் வரும் என்பது அவர் கணக்கு. பற்களைத் தோல் உரியாமல் பிரித்து, கூர் மேலே பார்க்க, 2 அங்குலம் ஆழத்தில், 6 அங்குலம் இடைவெளியில் 60 பற்கள். அவர் குழி போட இவர் குனியாமல் எடுத்துக் கொடுத்தார். பிள்ளைகள் மேப்பிள் இலைகளைப் புல்வெட்டியால் அரைத்து மேலே நன்றாகப் பரப்பிவிட்டார்கள். இலையில் கறுப்புப் புள்ளி இருக்கிறதே என்று ஒருவர் பயந்தார். அது மேப்பிளுக்கு வருகிற பூஞ்சணம், உள்ளிக்கு ஒன்றும் செய்யாது.

அப்புறம், ஒருவரும் சொல்லாமலே பேஸ்மென்ட்டில் இறங்கி வெளிக்குழாயின் தண்ணியை மூடி, ஹோஸைச் சுருட்டிக் கராஜில் தொங்கவிட்ட அண்ணாவுக்கு: அதை மறந்ததால் குழாய் உறைந்து வெடித்த வருடமும் எங்களுக்கு உண்டு. மிக்க நன்றி.

விதை காய்ந்துவிட்டது. ஆளுக்கு 5 விதையாகக் கடித உறையில் போட்டுப் பெயர் எழுதி வைத்திருக்கிறேன். சித்திரையில் உள்ளே முளைக்கப் போடுங்கள், மே கடைசிக்கு முன் வெளியே வைக்க வேண்டாம். உள்ளி வரும் ஆடியில் கிண்டுவோம், எல்லோருக்கும் பங்கு உண்டு. வரும்போது கொட்டிலில் கிடக்கிற பச்சைக் கையுறை யாருடையது என்று பார்த்து எடுத்துக்கொண்டு போங்கள், கழுவிக் காயவைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மூலை வீட்டு அன்ரி