மைய ரூட்டர் மாற்றும் பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மைய ரூட்டரை மாற்றும் பணி முடிந்துவிட்டது. பழையதைக் கழற்றிவிட்டு, ஒரே மாடலில் இரண்டு ரூட்டர்களை ஜோடியாகப் போட்டிருக்கிறோம். ஒன்று போதாதா என்று சிலர் கேட்டீர்கள். ஒன்றில் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது மற்றது சுமையைத் தாங்க வேண்டுமே!

நம் நெட்வொர்க்கின் மையத்தில் ஓஎஸ்பிஎஃப், பழைய கிளைகளில் ரிப், இணைய இணைப்பு தரும் இரு நிறுவனங்களோடு பிஜிபி. பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) எந்த வழியில் போவது என்று ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் நெறிமுறைகள் இவை. இந்த மூன்று பெயரும் இல்லாத விளம்பரத் தாளே கிடையாது. அதைப் பார்த்து வாங்குவது வீண். நெறிமுறைகள் சந்திக்கும் இடத்தில்தான் தலைவலி. ரிப்பின் வழிகளை, இரண்டு நெறிமுறைகளும் சந்திக்கும் இடத்திலுள்ள இரண்டு எல்லை ரூட்டர்கள் வழியாக ஓஎஸ்பிஎஃப்புக்குள் விட்டால், அவை சுற்றி வந்து மறுபடி ரிப்புக்குள் நுழையப் பார்க்கும். எந்த நெறிமுறை சொல்லும் வழியை நம்புவது என்பதற்கு ரூட்டரில் ஒரு எண் உண்டு. சிஸ்கோ ரூட்டர்களில் ஓஎஸ்பிஎஃப்புக்கு 110, ரிப்புக்கு 120 என்பது இயல்பு மதிப்பு; சிறிய எண்ணுக்கே முன்னுரிமை. ஆக, சுற்றி வந்த வழியே ஜெயிக்கும், பாக்கெட் ஊர் சுற்றும். இதைத் தடுக்க, ரிப்பிலிருந்து போகும் வழிக்கு ஒரு டேக் (அடையாள எண்) ஒட்டி, அந்த டேக்கோடு திரும்புவதை எல்லையிலேயே வடிகட்ட வேண்டும். வாங்கும் முன்பே இதைச் சோதனை மேசையில் ஓட்டிப் பார்த்தோம். ஒரு இணைப்பைப் பிடுங்கியும் பார்த்தோம். அப்போதுதான் வடிகட்டியின் லட்சணம் தெரியும்.

அப்புறம் வேகம். 10 கிகாபிட் இணைப்பில் 1518 பைட் ஃபிரேம்கள் (பாக்கெட்டைச் சுமந்து செல்லும் உறைகள்) நொடிக்கு 8 லட்சத்துச் சொச்சம்தான் போகும். 64 பைட் என்றால் சுமார் 1 கோடியே 48 லட்சம். விற்க வந்தவர்கள் காட்டியது பெரும்பாலும் ரூட்டருக்கு எளிதான முதல் கணக்கு. குரல் அழைப்புகளின் பாக்கெட்டுகள் சிறியவை என்பதால், பாதுகாப்பு விதிகளையும் போட்டுவிட்டு இரண்டாவது கணக்கைக் கேட்டோம். சிலர் பதிலே தரவில்லை.

பிஜிபி முழு அட்டவணை, அதாவது இணையம் முழுவதற்குமான வழிப் பட்டியல், பழைய முகவரி முறையான ஐபிவி4-இல் 9 லட்சம் வழிகளைத் தாண்டிவிட்டது, புதிய முறையான ஐபிவி6-இல் 2 லட்சத்தை. ஐபிவி6 முகவரி 128 பிட், வன்பொருள் நினைவகத்தில் கூடுதல் இடம் கேட்கும். சில ரூட்டர்களில் இரண்டுக்கும் இடத்தை முன்கூட்டியே பிரித்து வைக்க வேண்டும், மாற்றினால் ரீபூட்தான். அந்த வகையை ஒதுக்கிவிட்டோம்.

பழைய கிளைகளை ஓஎஸ்பிஎஃப்புக்கு மாற்றுவது மட்டும் பாக்கி. அதுவரை எல்லை ரூட்டர்களின் டேக் விதிகளில் யாரும் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
பணிக் குழு